மூன்றாவது மதிப்பீடு

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு என் அண்ணனின் கயிறு முடிந்தது.

குடியை விட நினைக்கிறவர்களும், வீட்டாரின் வற்புறுத்தலால் விடுகிறவர்களும் எங்கள் பக்கத்தில் குடமுருட்டி ஆற்றங்கரை முனீஸ்வரன் கோயிலுக்குப் போய் வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிக்கொள்வார்கள். கட்டும்போது கெடு சொல்ல வேண்டும். ஆறு மாதம் என்பார்கள், ஒரு வருடம் என்பார்கள், மகள் கல்யாணம் வரை என்பவர்களும் உண்டு. கெடுவுக்குள் குடித்தால் முனி சும்மா விடாது. கெடு தாண்டிவிட்டால் முனிக்கு அதில் பேச்சில்லை. நீட்டித்துக்கொள்ள விரும்புகிறவர் ஒரு வெள்ளியன்றோ ஞாயிறன்றோ, உச்சிப்பொழுதில் பூசாரி நடை சாத்துவதற்கு முன்பு போய்ச் சேர வேண்டும். அண்ணனுக்குக் கட்டியபோது பூசாரி கைபேசியில் மணி பார்த்து, "அடுத்த வருஷம் இதே தேதி, பத்து நாப்பது" என்று சொன்னாராம். அதை அண்ணி மறக்கவில்லை. அண்ணனும் மறக்கவில்லை.

எனவே பத்து நாற்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவாரா, மாட்டாரா என்பதுதான் அன்று எங்கள் வீட்டின் ஒரே கேள்வி. அதற்கு விடை சொல்லும் பொறுப்பு, நான் கேட்காமலேயே, என் தலையில் விழுந்திருந்தது. ஓர் இங்கிலாந்து மதுப்புட்டியைச் சுவைத்து நூற்றுக்கு எத்தனை என்று நான் சொல்ல வேண்டும். முப்பத்தைந்தும் அதற்கு மேலும் என்றால் அண்ணன் குடிப்பார். முப்பத்தைந்துக்குக் கீழே என்றால் கோயில்.

இது எப்படி நேர்ந்தது என்று சொல்ல வேண்டும். அண்ணன் கதிர் அறுக்கும் இயந்திரம் ஓட்டுகிறார். பெல்ட் மெஷின் என்பார்கள், சேற்றிலும் இறங்கும். சென்ற ஆண்டு தாளடி நெல் அறுப்பின்போது, பொழுது சாயும் நேரத்தில், போதையில் அதை வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சாய்ந்த இயந்திரத்தின் கம்பிக்கும் கரைக்கும் நடுவே மார்பளவு தண்ணீரில் சிக்கி, ஆட்கள் வந்து இழுக்கும்வரை அவர் நின்றுகொண்டிருந்தார். பெற்றோர் போன பிறகு என்னை வளர்த்ததும் படிக்கவைப்பதும் அவர்தான். திருவாரூர்ப் பக்கம் பல்கலைக்கழக விடுதியில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணியிடமிருந்து அந்த அழைப்பு வந்தது. அந்த வாரமே கயிறு.

புட்டி வந்தது பொங்கலுக்கு. அண்ணியின் தம்பி இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். விடுமுறையில் வந்தவர், துணிகளுக்கு நடுவே சுருட்டி எடுத்துவந்த ஒரு பழுப்புப் புட்டியை அண்ணன் கையில் கொடுத்து, "மச்சான், இது நம்ம ஊர்க் கடைத் தண்ணி இல்ல. அங்க பெரிய மனுசங்க பொறுமையா உக்காந்து குடிக்கிறது. கயிறு முடிஞ்சதும் தொறங்க" என்றார். அண்ணி தன் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் உடன்பிறந்தவன் கடல் தாண்டிக் கொண்டுவந்ததைத் தூக்கி எறிய அவருக்கு மனம் வரவில்லை. புட்டி பீரோவின் மேல் ஏறிற்று. நான் வார இறுதிகளில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அண்ணன் சட்டை எடுக்கும் சாக்கில் அதைப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை மாலை தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணிதான் ஆரம்பித்தார்.

"நாளைக்கு என்ன பண்ணப்போறீங்க?"

"என்ன பண்ணணும்?"

"வெளையாடாதீங்க. நேரா கோயிலுக்குப் போயி இன்னொரு வருசத்துக்குக் கட்டிக்கிட்டு வாங்க."

அண்ணன் சிறிது நேரம் தம்ளரைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாப்பா குடிச்சுப் பாத்து மார்க் போடட்டும். பாசுன்னா நான் ஒரு தம்ளர் குடிக்கிறேன். பெயிலுன்னா கயிறு. அவளுக்குத்தான் இங்கிலீசுல அதப் பத்தியெல்லாம் தெரியும்" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சிரிக்கவில்லை. தன்னால் எடுக்க முடியாத ஒரு முடிவை வேறு யாரிடமாவது கொடுத்துவிட அவர் விரும்புகிறார் என்று எனக்குத் தோன்றியது. அண்ணி உடனே ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. சின்ன வயதில் செரிமானத்துக்கென்று அரிஷ்டம் கொடுத்தால் நான் முற்றத்தில் போய்த் துப்புகிறவள். பால் சற்றுத் திரிந்திருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்குகிறவள். நான் பாஸ் போட வழியே இல்லை என்று அவர் நம்பினார்.

எனக்கு இருபத்து மூன்று வயது. ஆங்கில இலக்கியம் முதுகலை, இரண்டாம் ஆண்டு. நான் படிக்கும் நாவல்களிலும் நாடகங்களிலும் ஏல் என்ற மதுவை யாராவது குடித்துக்கொண்டேயிருக்கிறார்கள். மழையில் நனைந்து வருகிறவனுக்கு அதைக் கொடுக்கிறார்கள், சண்டைக்கு முன்பும் குடிக்கிறார்கள், சமாதானத்துக்குப் பின்பும் குடிக்கிறார்கள். அடிக்குறிப்பு 'ஒருவகை பியர்' என்று முடித்துக்கொள்ளும். ஐந்தாண்டுகளாக அந்தச் சொல்லைத் தேர்வுத் தாள்களில் எழுதிவருகிறேன், அதன் நிறம் கூட எனக்குத் தெரியாது. லேபிளில் ஏல் என்று எழுதியிருந்த இந்தப் புட்டியின் மேல் எனக்கும் ஓர் ஆவல் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

ஞாயிறு காலை ஏழரை மணிக்கே அண்ணன் குளித்துவிட்டார். பனி காயாமல் அறுப்பு தொடங்க முடியாது என்பதால் காலையில் அவருக்கு வழக்கமாகவே அவசரம் இருக்காது. அன்றோ வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தார். வயல்காரர்கள் கூப்பிட்டபோது, "மத்தியானத்துக்கு மேல" என்று ஒரே வார்த்தையில் வைத்தார். அடுக்களையில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அண்ணி குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, முப்பத்திநாலுக்கு மேல ஒரு மார்க் போட்டாலும் என்னோட பேசாத."

"அண்ணி, குடிச்சுப் பாக்காம எப்படி?"

"குடிச்சுப் பாரு. துப்பு. முப்பதுன்னு சொல்லு. அவ்வளவுதான் வேலை. உங்க அண்ணன் அந்த வாய்க்கால்ல நின்னத நீ பாக்கல. நான் பாத்தேன்."

தலையாட்டினேன் என்று நினைக்கிறேன்.

ஒன்பதரை மணிக்குப் புட்டியை இறக்கித் துடைத்தேன். லேபிளில் எழுதியிருந்ததை முழுவதும் படித்தேன். பார்லி, தண்ணீர், ஈஸ்ட், ஹாப் என்னும் ஒரு கொடியின் பூ. புட்டியில் அடைத்த பிறகும் உள்ளே மெல்ல நொதித்துக்கொண்டிருக்கும் வகை அது. அடியில் வண்டல் தங்கியிருக்கும், அதைக் கலக்காமல் சாய்த்து ஊற்ற வேண்டும். அதிகம் குளிரவைக்கக் கூடாது, பழைய வீட்டு நிலவறையின் குளுமை போதும். பன்னிரண்டு, பதின்மூன்று பாகை.

பிப்ரவரியில் கூட எங்கள் வீட்டில் எந்த அறையிலும் பன்னிரண்டு பாகை கிடையாது. குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுப்பது என்று கணக்குப் போட்டு உள்ளே வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். நான் திரும்பி வருவதற்குள் அண்ணி அதை உறைபெட்டிக்கு மாற்றியிருந்தார். "நல்லா சில்லுனு இருந்தாதானே நாத்தம் தெரியாது" என்றார். எனக்கு நாற்றம் தெரிய வேண்டுமே என்று சொல்லி, வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். கண்ணாடியில் பூத்த பனி இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பத்து நாற்பது வந்தது. சுவர்க் கடிகாரம் மூன்று நிமிடம் முந்தி ஓடும் என்று அண்ணி சொன்னார். அண்ணன் கைபேசியைக் காட்டினார். கயிற்றை அவர் அவிழ்க்கவில்லை. கையிலேயே இருந்தது.

"கெடு முடிஞ்சுது. தொறக்கலாமா பாப்பா?"

"இன்னும் குளிர் இறங்கல. பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷத்துல என்னடி ஆகப்போகுது" என்று அண்ணி பல்லைக் கடித்தார். அவர் பார்வை கடிகாரத்தைவிட்டு விலகவில்லை. பன்னிரண்டு மணிக்குள் எல்லாம் முடிந்து அண்ணன் கிளம்பியாக வேண்டும்.

அப்போதுதான் அண்ணன் புட்டியை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அடியில் விரற்கடை அளவு மண்ணைப் போல ஏதோ படிந்திருந்தது. "அடியில தங்கியிருக்கு பாரு. சத்தெல்லாம் அங்கதான் இருக்கும்" என்று சொல்லி, நான் வாயைத் திறப்பதற்குள், அரிஷ்டப் புட்டியைக் குலுக்குவதுபோல் நாலு குலுக்கு குலுக்கினார். எங்கள் வீடுகளில் வண்டல் உள்ள எந்தப் புட்டியையும் கலக்கித்தான் குடிப்பார்கள். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் உடனே மூடியையும் நெம்பிவிட்டார். பழுப்பு நுரை ஒரு முழம் எழும்பி அவர் பனியனிலும், மேசையிலும், சுவரிலிருந்த நாட்காட்டியிலும் விழுந்தது.

"சாமி படம் போட்ட காலண்டருங்க அது!" என்று அண்ணி ஓடிவந்து முந்தானையால் துடைத்தார்.

"நான் என்னத்தக் கண்டேன், அது சோடா மாதிரி வரும்னு?"

"ஒரு வருசம் அடக்கிவச்சா அப்படித்தான் வரும்" என்றார் அண்ணி. அண்ணன் ஈரப் பனியனோடு அவரைப் பார்த்தார். இருவருமே ஒரு கணம் சிரித்துவிட்டார்கள். அன்று காலையில் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்கும் மூச்சு சற்று இலகுவாயிற்று. ஆனால் மீதமிருந்தது கலங்கிக் கிடந்தது. அது தெளிய இன்னும் பதினைந்து நிமிடம் தேவைப்பட்டது. நான் நின்ற இடத்திலேயே நிற்க முடியாமல் மேசையை மூன்று முறை துடைத்தேன்.

எங்கள் வீட்டில் குடிப்பதற்கு எவர்சில்வர் தம்ளர்கள்தான். நிறம் தெரிய வேண்டும் என்பதற்காக, தேயிலைத்தூளுக்கு இனாமாக வந்த கண்ணாடித் தம்ளரை எடுத்துவந்தேன். இரண்டு விரல் அளவுக்கு, சாய்த்துப் பிடித்து ஊற்றினேன். பதினொன்றேகால் ஆகியிருந்தது.

அதன் நிறம் நான் எதிர்பார்த்த மஞ்சள் இல்லை. செம்பழுப்பு. வெல்லப் பாகு முற்றி, இன்னும் ஒரு கொதியில் அடிப்பிடிக்கும் என்ற நிலையில் இருக்குமே, அந்த நிறம். சன்னலுக்கு நேரே பிடித்தபோது ஓரங்களில் சிவப்பு தெரிந்தது. நுரை வெள்ளையாக இல்லாமல் வடிகட்டிய காப்பியின் நுரையைப் போலிருந்தது.

மூக்கருகே கொண்டுபோனேன். முதலில் எனக்குப் பட்டது விதைநெல் மூட்டையின் வாசனை. ஊறவைத்துச் சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி, மறுநாள் கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பாக ஒன்று மேலே வருமே, முளைவிட்ட தானியத்தின் இனிப்பும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை. அது பார்லி, இது நெல் என்பதைத் தவிர, முளைகட்டுவது இரண்டுக்கும் பொது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதன் பின்னால் உலர்ந்த திராட்சை. அதற்கும் பின்னால், கொஞ்சம் தாமதித்து, வெயிலில் காய்ந்த நாரத்தைத் தோல்.

"என்ன, வாந்தி வருதா?" என்று அண்ணி நம்பிக்கையோடு கேட்டார்.

"இல்ல அண்ணி. காஞ்ச திராட்சை வாசம் வருது. நாரத்தைத் தோல் மாதிரியும் ஒண்ணு."

ஒரு மிடறு எடுத்து வாயிலேயே வைத்துக்கொண்டேன். துப்பவில்லை. இனிப்பு முதலில் வந்தது, பேரீச்சம்பழத்தின் அடர்த்தியான இனிப்பு. அது தீர்வதற்குள் பொரியரிசியின் கருகிய ஓரம். விழுங்கியபோது நெய்யில் வறுத்த வேப்பம்பூவின் கசப்பு நாக்கின் அடியில் விரிந்தது, தொண்டையில் ஒரு சூடு இறங்கி மார்பில் நின்றது. இரண்டாவது மிடறும் எடுத்தேன். முதல் மிடறு என்னை ஏமாற்றவில்லை என்று உறுதி செய்துகொள்வதற்காகத்தான் என்று அப்போது நினைத்தேன்.

நன்றாக இருந்தது. அதுதான் சிக்கல். குடிக்கத் தகாதது என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தவள் நான். முப்பது என்ற எண்ணை நாக்கின் நுனியில் தயாராக வைத்திருந்தேன். அண்ணி முந்தானையின் ஈர நுனியை முறுக்கியபடி அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றார். அண்ணன் எதிரே நாற்காலி நுனியில் அமர்ந்து, கயிற்றை இடது கை விரலால் நகர்த்திக்கொண்டே இருந்தார். நான் முப்பது என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். மறுபேச்சில்லாமல் எழுந்து போயிருப்பார். அவர் அப்படி நம்புவார் என்பதுதான் என்னால் அதைச் சொல்ல முடியாமல் ஆக்கியது.

"எழுபத்திரண்டு" என்றேன்.

அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது.

"என்ன சொன்னே?" என்றார் அண்ணி.

"எழுபத்திரண்டு."

"நாசமாப் போச்சு. படிச்சு என்னடி பிரயோசனம், ஒரு பொய் சொல்லத் தெரியல." அவர் மேசைக்கு வந்து நின்றார். "நான் ஒத்துக்க மாட்டேன். ரீவேல்யூவேஷன் வேணும். நான் திருத்துறேன்."

அண்ணி அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தவர். பொருளாதாரத் தாளில் தோற்று, மறுமதிப்பீட்டுக்கு எழுதிப்போட்டுத் தேறியவர். என் தம்ளரில் மீதியிருந்ததை வாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மருந்து குடிப்பதுபோல் ஒரே மடக்கில் விழுங்கினார். அவர் முகம் சுருங்கியது, கண்ணில் நீர் வந்தது.

"இதுக்கு அஞ்சு மார்க்கு. அதுவும் என் தம்பி வாங்கிட்டு வந்தான்னு போட்டது."

"சரி" என்று அண்ணன் விரல்விட்டு எண்ணினார். "எழுவத்திரண்டும் அஞ்சும் எழுவத்தேழு. ரெண்டால வகுத்தா முப்பத்தெட்டரை. பாஸ்."

தான் சுழியம் போட்டிருந்தாலும் தேறியிருக்கும் என்று அண்ணி மனத்துக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. கடிகாரத்தில் பதினொன்று இருபத்தைந்து. ஏதாவது ஒரு வழி கிடைக்காதா என்ற வேகத்தில், யோசிக்காமல், தனக்குத் தெரிந்த விதியைப் பிடித்தார்.

"அதெல்லாம் செல்லாது. ரெண்டு பேருக்கும் இவ்வளவு வித்தியாசம் வந்தா மூணாவது ஆளுதான் திருத்தணும். யுனிவர்சிட்டி ரூல். எனக்கு அப்படித்தான் நடந்துச்சு. பாப்பா, நீயே சொல்லு."

வீட்டில் மூன்றாவதாக ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

அண்ணிக்கு அது புரிவதற்குள் அண்ணன் கயிற்றின் முடிச்சைப் பல்லால் இழுத்துத் தளர்த்திக் கழற்றிவிட்டார். ஓடுகிற தண்ணீரில் விட வேண்டிய கயிறு. ஆற்றில் தண்ணீர் நிறுத்திப் பத்து நாட்களுக்கு மேல் ஆகியிருந்ததால் சாவிகள் மாட்டும் ஆணியில் மாட்டினார். ஓர் ஆண்டு வெயில் படாத இடத்தில் மணிக்கட்டைச் சுற்றி வெளுப்பாக ஒரு கோடு இருந்தது. கண்ணாடித் தம்ளரை நிரப்பினார்.

"ஏங்க, வேண்டாங்க" என்றார் அண்ணி. குரலில் சண்டை இல்லை.

அவர் குடித்தார். நான் குடித்ததைப் போல அல்ல. முகர்ந்து பார்க்கவில்லை, வாயில் வைத்துப் பார்க்கவும் இல்லை. நாலு மிடறில் தம்ளர் காலியாயிற்று. பிறகு அதை மேசைமேல் வைத்து, அதைச் சுற்றி உள்ளங்கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்க மார்க் என்னண்ணே?"

அவர் அதற்குப் பதில் சொல்லாமல், "எழுவத்திரண்டுதானே போட்ட? மிச்சம் இருபத்தெட்டு எதுக்குக் கொறச்ச?" என்று கேட்டார்.

நான் யோசித்துச் சொன்னேன். கலங்கிவிட்டதால் நிறத்தில் கொஞ்சம். மற்றதெல்லாம் கடைசிக்காக. விழுங்கிய பிறகு அந்தக் கசப்பு போவதில்லை. அதைப் போக்க இன்னொரு மிடறு வேண்டியிருக்கிறது. அந்த மிடறும் அதையே விட்டுவிட்டுப் போகிறது. "குடிச்சு முடிச்ச மாதிரியே இல்ல அண்ணே. அதுக்குத்தான் குறைச்சேன்."

"திராட்சை, நாரத்தைத் தோலுன்னு ஏதோ சொன்னியே."

"ஆமா."

"எனக்கு அதெல்லாம் ஒண்ணுமே தெரியல பாப்பா. நீ கொறச்ச அந்த இருபத்தெட்டு மட்டுந்தான் தெரியுது."

அவர் எழுந்து கொல்லைக்குப் போனார். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். புட்டியில் கால்வாசி மீதியிருந்தது. அதை நான் தொடவில்லை, அவரும் தொடவில்லை. பன்னிரண்டு மணி அடித்தபோது கோயில் நடை சாத்தியிருக்கும் என்று மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது.

அதன் பிறகான பிற்பகலை விவரிப்பது கடினம், ஏனென்றால் எதுவும் நடக்கவில்லை. சோறு ஆறியது. அண்ணன் கொல்லையில் மோட்டாரைப் போட்டார், அணைத்தார், மறுபடியும் போட்டார். உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். திரும்ப வந்து பேருந்து நிலையத்தில் என்னை இறக்கிவிட வேண்டுமா என்று கேட்டார். மறுநாள் திங்கட்கிழமை, வகுப்பில் நான் கட்டுரை வாசிக்க வேண்டும். நாலு மணிப் பேருந்தைப் பிடித்தால்தான் இருட்டுவதற்குள் விடுதி. நான் பையில் துணிகளை அடுக்கினேன், எடுத்தேன். கடைத்தெருவில் மதுக்கடை மதியமே திறந்திருக்கும். எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு ஆகும் நேரத்தில் பாதிதான் அதற்கு ஆகும். பைக் சாவியோடு அவர் வாசலுக்குப் போனபோதெல்லாம் அண்ணியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மூன்றரைக்கு வயல்காரர் ஒருவரிடமிருந்து அழைப்பு வந்தது. அண்ணன் கிளம்பினார். பைக் கடைத்தெருப் பக்கம் திரும்புகிறதா, வயல் பக்கமா என்று பார்ப்பதற்கு அண்ணி மாடிக்கு ஓடினார். வயல் பக்கம்தான். ஆனால் அந்தச் சாலை சுற்றிக்கொண்டு கடைத்தெருவுக்கும் போகும். நான் பேருந்தை விட்டுவிட்டேன்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பினார். தலையெல்லாம் வைக்கோல் தூசி. அண்ணி தட்டை வைக்காமல் நிலையிலேயே மறித்தார்.

"ஊதுங்க."

"என்னது?"

"வாயை ஊதுங்கன்னேன். என்கிட்ட இல்ல. அவகிட்ட. அவதானே மோந்து பாத்து வாசனையெல்லாம் சொன்னா."

"பெரிய போலீஸ்காரி" என்றார் அண்ணன். ஆனால் குனிந்து என் முகத்துக்கு நேரே ஊதினார். எனக்கு வெட்கமாக இருந்தது, அவருக்கும்தான். டீசல், வெற்றிலை, பழைய வைக்கோல். மதுவின் வாசனை எதுவும் இல்லை. காலையில் குடித்தது கூட இல்லை.

"ஒண்ணும் இல்ல அண்ணி."

அண்ணி விலகி, சோறு போட்டார். அண்ணன் பாதி சாப்பிட்டுவிட்டு, தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "வெள்ளிக்கிழமை போயிக் கட்டிக்கிறேன். ஒரு தேங்கா வாங்கி வை."

அண்ணி ரசம் ஊற்றினார். பிறகு அண்ணனே தொடர்ந்தார்.

"நாளைக்கு அந்த வயல்காரங்க அறுப்பு முடியுது. முடிஞ்சா விட மாட்டாங்க. களத்துலயே சரக்கு வாங்கி வச்சிருப்பாங்க. போன தடவையெல்லாம் கையத் தூக்கிக் காட்டுவேன், கயிறப் பாத்தா எவனும் வற்புறுத்த மாட்டான். முனிக்குப் பயம். அப்படியே ஒதுங்கிப் போயிருவான்." அவர் வலது கையைத் திருப்பி வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். "நாளைக்கு என்ன சொல்றதுன்னுதான் யோசிச்சுக்கிட்டு வந்தேன்."

"போகாதீங்க" என்றார் அண்ணி.

"பாதி வயலு நிக்குது. மழ வரும்னு டிவியில சொல்றான். எப்படிப் போகாம இருக்கறது?"

நான் எழுந்து போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. நான் வாசிக்க வேண்டிய கட்டுரையின் முதல் பத்தியை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன், நாலாவது வரிக்கு மேல் போகவில்லை. இரண்டாவது மிடறு நினைவுக்கு வந்தது. அது உறுதி செய்துகொள்வதற்காக எடுத்தது அல்ல என்று இருட்டில் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு அது வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அண்ணனுக்கு எத்தனை மிடறு அப்படி வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்து, வகுப்புத் தோழி ஒருத்திக்கு இன்று வர இயலாது, என் முறையை அடுத்த வாரத்துக்கு மாற்றச் சொல் என்று செய்தி அனுப்பினேன். காரணம் கேட்டாள். வீட்டில் வேலை என்றேன். தலைக்குத் துப்பட்டாவை இறுக்கிக் கட்டி, தண்ணீர்ப் புட்டியையும் கட்டுரைத் தாள்களையும் பையில் போட்டுக்கொண்டு, பனி காயும் நேரம்வரை வாசற்படியில் காத்திருந்தேன். அண்ணன் பைக்கை வெளியே தள்ளிவந்தபோது பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

"எங்க, பஸ் ஸ்டாண்டுக்கா?"

"வயலுக்கு."

"அங்க உனக்கு என்ன வேலை? தூசி பறக்கும், உனக்குத் தும்மல் வரும்."

"தும்முனா தும்முறேன். நீங்க வண்டிய எடுங்கண்ணே."

அண்ணி வாசலுக்கு வந்து எங்கள் இருவரையும் பார்த்தார், சாப்பாட்டுத் தூக்கை என் மடியில் வைத்தார். அண்ணன் வண்டியை எடுத்தார். வயலில் இறங்கியதும், களத்துக்கும் இயந்திரத்துக்கும் நடுவே, அண்ணனிடம் எதைக் கொண்டுபோகிறவரும் என்னைக் கடந்துதான் போக வேண்டிய வரப்பாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். வயல்காரர் வந்து, படிக்கிற பிள்ளை வெயிலில் உட்காரலாமா, வீட்டுக்குப் போங்க என்று இரண்டு முறை சொன்னார். இயந்திரம் நிற்கும்வரை இங்கேதான் இருப்பேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, தாள்களைப் பிரித்தேன்.